உள்ளே இருப்பதை எவ்வளவு காட்டலாம்?

(கணினி அறிவியல் மாணவர்களும் ஆர்வலர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தமிழ் விக்கிப்பீடியாவில் ஓர் ஊரைப் பற்றிய கட்டுரையைத் திறந்தால், ஓரத்தில் மக்கள்தொகையும் பரப்பளவும் ஆள்கூறுகளும் அடங்கிய தகவற்பெட்டி ஒன்று இருக்கும். அந்தப் பெட்டி எப்படி உருவாகிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி, பிஎச்பி மொழியில் எழுதிய மென்பொருள். அந்த பிஎச்பியை ஓட்டும் இன்டர்பிரட்டர் சி மொழியில் எழுதியது. அதோடு, சியிலேயே எழுதிய ஒரு நீட்சியைச் சேர்த்திருக்கிறார்கள், பெயர் லுவாசேண்ட்பாக்ஸ். அந்த நீட்சியின் வயிற்றுக்குள் இன்னோர் இன்டர்பிரட்டர் உட்கார்ந்திருக்கிறது, லுவா மொழியினுடையது. தன்னார்வலர்கள் எழுதிய லுவா நிரல் அதற்குள் ஓடித்தான் அந்தப் பெட்டியைக் கட்டுகிறது.

இன்று நான் பேச வந்த இரண்டு வேலைகளும் இந்த ஒரே இடத்தில் நடக்கின்றன. பிஎச்பி இன்டர்பிரட்டருக்கு, அதற்குத் தெரியாத ஒரு வித்தையைச் சி நிரலால் கற்றுக்கொடுத்தார்கள், இது நீட்டித்தல். அந்தச் சி நிரல் தனக்குள் ஒரு லுவா இன்டர்பிரட்டரைக் குடிவைத்துக்கொண்டது, இது பொதித்தல். நீட்டிக்கும்போது இன்டர்பிரட்டர் முதலாளி, நம் சி நிரல் வேலையாள். பொதிக்கும்போது நம் நிரல் முதலாளி. பாடப்புத்தகங்கள் இவற்றைத் தனித்தனி அத்தியாயங்களாகப் போடும். உண்மையில் பொதிக்கும் வேலை முடிந்த மறுவாரமே நீட்டிக்கும் வேலையும் வந்துவிடும். பொதித்த மொழி நம் நிரலோடு பேச வேண்டுமென்றால் அதை நீட்டித்தாக வேண்டும் அல்லவா?

விக்கிப்பீடியாவுக்கு இது ஏன் தேவைப்பட்டது? 2013 வரை இந்த வேலைகளை வார்ப்புருக்கள் செய்துவந்தன. கணக்குப் போடுவதற்காக உருவாகாத ஒரு குறியீட்டு முறையில் நிபந்தனைக்குள் நிபந்தனையாக அடுக்கி எழுதினார்கள். பெரிய கட்டுரைகளை உருவாக்க ஆகும் நேரம் பொறுக்க முடியாத அளவுக்குப் போனது. ஆகவே ஓர் உண்மையான நிரல்மொழி வேண்டும். ஆனால் யார் வேண்டுமானாலும் தொகுக்கலாம் என்ற தளத்தில், யாரோ எழுதிய நிரலை நம் வழங்கியில் ஓடவிடுவது விளையாட்டல்ல. ஒரு பக்கத்துக்குப் பத்து வினாடி, 50 மெகாபைட் என்று வரம்பு வைத்தார்கள்.

அந்த வரம்பைச் செயல்படுத்த முடிந்ததே லுவாவின் கட்டமைப்பால்தான். லுவா இயங்குதளத்திடம் போய்த் தானாக நினைவகம் கேட்பதில்லை. இன்டர்பிரட்டரை உருவாக்கும்போதே, நினைவகம் தரும் சி செயற்கூறு ஒன்றை நாம் கொடுக்கிறோம். ஒவ்வொரு பைட்டையும் அதனிடம்தான் அது கேட்கும். எண்ணி வைத்துக்கொண்டு, போதும் என்று மறுத்துவிடலாம். இத்தனை கட்டளைகளுக்கு ஒருமுறை என் செயற்கூற்றைக் கூப்பிடு என்று ஒரு கொக்கியும் மாட்டலாம். முடிவில்லாத மடக்கில் சிக்கிய நிரலை அங்கே நிறுத்தலாம். விருந்தாளியாகவே இருக்கப் பிறந்த மொழி இப்படித்தான் நடந்துகொள்ளும்.

இந்த எண்ணத்துக்கு ஒரு முன்னோடி உண்டு. 1980களில் பெர்க்லியில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஜான் ஆஸ்டர்ஹௌட் சிப் வடிவமைப்புக் கருவிகளை எழுதிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு சின்னக் கட்டளை மொழி தேவை. கருவியை முடிக்கும் அவசரத்தில் அந்த மொழி அரைகுறையாக நின்றுவிடும். அடுத்த கருவிக்கு வேறோர் அரைகுறை மொழி. ஒரே மொழியைச் சி நூலகமாக எழுதிவைத்து எல்லாக் கருவிகளிலும் பொதித்தால் என்ன என்று யோசித்தார். 1988இல் டிக்கிள் பிறந்தது. அதில் எல்லாமே சரம். எண்ணும் சரம், பட்டியலும் சரம், நிரலும் சரம். ஆகவே சி மொழிக்கும் டிக்கிளுக்கும் இடையிலான எல்லையும் எளிமையானது: சி செயற்கூறு சரங்களை வாங்கி, சரத்தைத் திருப்பித் தரும், சியின் தொடக்கச் செயற்கூறு கட்டளைவரிச் சொற்களை வாங்குமே, அதே பாணி. விலை, வேகம். ஒரு கூட்டலுக்கு இரண்டு சரங்களை எண்ணாக்கி, கூட்டி, மறுபடி சரமாக்க வேண்டும். 1997இல் வந்த 8.0 பதிப்பில்தான் உள்ளே வேறு வடிவங்களை வைத்துக்கொள்ளத் தொடங்கினார்கள். சிப் வடிவமைக்கும் நிறுவனங்களில் வேலைக்குச் சேர்ந்தவர்களைக் கேளுங்கள், இன்றும் டிக்கிளோடுதான் மல்லுக்கட்டுவார்கள். உங்கள் சட்டைப்பையிலுள்ள செல்பேசியில் இருக்கும் எஸ்க்யூலைட் தரவுதளமும் டிக்கிளின் நீட்சியாகத்தான் பிறந்தது. அதன் சோதனைகளில் ஒரு முக்கியப் பகுதி இன்னும் டிக்கிளில்தான் இருக்கிறது.

அடுத்து பிரேசில். 1977 முதல் 1992 வரை அந்த நாட்டில் கணினி வன்பொருள், மென்பொருள் இறக்குமதிக்குக் கடுமையான கட்டுப்பாடு இருந்தது. வேண்டியதை அங்கேயே செய்துகொள்ளும் பழக்கம் வளர்ந்தது. ரியோ டி ஜெனிரோவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் டெக்கிராஃப் என்ற ஆய்வுக்குழு. அதன் முக்கிய வாடிக்கையாளர் எண்ணெய் நிறுவனமான பெட்ரோபிராஸ். பொறியாளர்களும் நிலவியலாளர்களும் பயன்படுத்தும் நிரல்களுக்காக அங்கே இரண்டு சிறு மொழிகள் உருவாயின. பயனர்கள் நிபந்தனை கேட்டார்கள், மடக்கு கேட்டார்கள். 1993இல் ரொபெர்த்தோ இயருசலிம்ஸ்கி, லூயிஸ் என்ரிக்கே டி ஃபிகெய்ரெடோ, வால்டெமார் செலெஸ் மூவரும் அவற்றுக்குப் பதிலாக லுவாவைச் செய்தார்கள்.

லுவாவின் எல்லையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒரு லுவா மதிப்பைச் சியில் எப்படிப் பிடித்துக்கொள்வது? லுவா மதிப்பு என்று ஒரு சி வகையை அறிவித்து, அதை மாறியில் வைத்துக்கொள்ளச் சொல்வது யாருக்கும் தோன்றும் வழி. அதில் ஒரு சிக்கல். லுவாவில் குப்பை சேகரிப்பான் உண்டு. யாரும் பயன்படுத்தாத பொருளை அது அழித்துவிடும். உங்கள் சி மாறிக்குள் ஒரு லுவா பொருள் இருப்பது அதற்கு எப்படித் தெரியும்? தெரியாது. நீங்கள் கையில் பிடித்திருக்கும்போதே அழித்துவிடும். ஆகவே அவர்கள் மதிப்பைக் கையில் தருவதே இல்லை. நடுவில் ஓர் அடுக்கு வைத்தார்கள். 2000இல் வந்த 4.0 பதிப்பில் இது முழு உருவம் பெற்றது. பழைய மளிகைக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் மேசைக்கு இந்தப் பக்கம் நிற்பார், சாமான் மேசைக்கு வரும், கிடங்குக்குள் யாரும் போக முடியாது. லுவா செயற்கூறு ஒன்றைக் கூப்பிட வேண்டுமா? செயற்கூற்றை அடுக்கில் வை, அதன்மேல் உள்ளீடுகளை வை, இத்தனை உள்ளீடு, இத்தனை விடை என்று சொல்லிக் கூப்பிடு. விடை அடுக்கின் மேலே வந்து நிற்கும். மேலிருந்து முதலாவது, இரண்டாவது என்று இடத்தைச் சொல்லி உள்ளே இருப்பதைக் கேட்கலாம். எண்ணாக இருந்தால் சி எண்ணாக நகலெடுத்துத் தரும். அடுக்கில் இருக்கும்வரை எந்தப் பொருளையும் குப்பை சேகரிப்பான் தொடாது.

எழுதுவதற்கு இது எரிச்சலான முறை. எதை எத்தனையாவது இடத்தில் வைத்தோம் என்பதைத் தலைக்குள் எண்ணிக்கொண்டே போக வேண்டும். நம் செயற்கூறு தொடங்கும்போது இருபது இடம் நிச்சயம் காலி இருக்கும். அதற்கு மேல் வேண்டுமானால் நாமே கேட்டு வாங்க வேண்டும். கேட்காமல் தள்ளினால் யாரும் தடுக்கமாட்டார்கள், நிரல் எங்கோ போய் விழும். பிழை நேர்ந்தால் லுவா நீண்ட தாவலாகத் தாவும். நடுவில் திறந்து வைத்த கோப்பை மூடும் வரியை அது எட்டாது. இதையெல்லாம் மறைத்து லுவாவைப் புகழ்வது நியாயமல்ல.

இனி பைத்தான். கைடோ வான் ரோசம் ஆம்ஸ்டர்டாமில் 1989 டிசம்பரில் எழுதத் தொடங்கி 1991இல் வெளியிட்ட மொழி. நீட்சிக்கு அது திறந்த வழி நேர்மாறானது: கிடங்குச் சாவியையே கையில் கொடுத்துவிட்டது. பைத்தானில் ஒவ்வொரு பொருளும் நினைவகத்தில் ஒரு கட்டம். அதன் தலையில் எத்தனை பேர் இதைப் பிடித்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கையும், இது என்ன வகை என்ற தகவலும் இருக்கும். எண்ணிக்கை பூச்சியமானால் அந்தக் கணமே பொருள் அழியும். சி நிரலுக்கு அந்தக் கட்டத்தின் பாயின்டரே கிடைக்கிறது. எண்ணிக்கையை ஏற்றுவதும் இறக்குவதும் சி எழுதுபவரின் கடமை.

கடமை என்று ஒரு வரியில் சொல்லிவிட்டேன். பைத்தானின் சி செயற்கூறுகளில் சில புதிய உரிமையைத் தரும்; வேலை முடிந்ததும் நாம் இறக்கிவிட வேண்டும். சில கடனாகத் தரும். நாம் இறக்கக் கூடாது. சில நம் கையிலுள்ள உரிமையைப் பறித்துக்கொள்ளும். ஒரு டூப்பிளில் மதிப்பை வைக்கும் செயற்கூறு அப்படிப்பட்டது. எது எந்த ரகம் என்பது பெயரில் தெரியாது, ஆவணத்தைப் பார்க்க வேண்டும். ஏற்ற மறந்தால் நிரல் விழும், இறக்க மறந்தால் நினைவகம் கசியும். ஒன்றுமில்லை என்று பொருள்படும் ‘நன்’ மதிப்புக்கும் எண்ணிக்கை உண்டு. அதைத் திருப்பித் தரும்போது ஏற்ற மறந்த நீட்சியை ஆயிரக்கணக்கில் கூப்பிட்டால், ஒரு நாள் பைத்தான் ‘நன்’னையே அழிக்கப் பார்த்து உயிரைவிடும். 3.12 பதிப்பில்தான் அதற்குச் சாகாவரம் கொடுத்தார்கள்.

கடனாக வரும் பொருளின் ஆபத்துக்குப் பைத்தான் ஆவணமே தரும் எடுத்துக்காட்டு ஒன்றை எல்லா மாணவர்களும் படிக்க வேண்டும். ஒரு பட்டியலின் பூச்சியமாம் உறுப்பைக் கடனாக வாங்குகிறீர்கள். பிறகு அதே பட்டியலின் அடுத்த உறுப்பை மாற்றுகிறீர்கள். பிறகு முதலில் வாங்கியதை அச்சிடுகிறீர்கள். மூன்றே வரி, பார்த்தால் அப்பாவி வரிகள். இரண்டாவது வரியில் என்ன நடக்கிறது? அங்கே முன்பு இருந்த உறுப்பின் எண்ணிக்கை பூச்சியமாகலாம். அது அழியும்போது ஓட வேண்டிய செயற்கூறு ஒன்றை அந்த வகையை எழுதியவர் வைத்திருக்கலாம். அது முழுமையான பைத்தான் நிரல், என்ன வேண்டுமானாலும் செய்யும். பட்டியலின் பூச்சியமாம் உறுப்பை நீக்கவும் செய்யலாம். நீங்கள் மூன்றாவது வரியில் அச்சிடுவது செத்துப்போன பொருளை. இந்த ஓட்டையில்லாமல், உரிமையோடு உறுப்பைத் தரும் செயற்கூறு 2024இல் வந்த 3.13 பதிப்பில்தான் சேர்ந்தது.

இவ்வளவு அபாயகரமான வாசலை வைத்துக்கொண்டு பைத்தான் எப்படி வென்றது என்று நீங்கள் கேட்கலாம். அந்த வாசலால்தான் வென்றது என்பது என் கருத்து. 1995இல் ஜிம் ஹியூகுனின் நியூமெரிக் என்ற நீட்சியை எழுதினார். பெரிய அணிகளைச் சி நினைவகத்தில் ஒரே தொடராக வைத்து, பைத்தானுக்கு ஒரு பொருளாகக் காட்டியது அது. பல ஆண்டுகளாகச் சோதித்துத் தேர்ந்த ஃபோர்ட்ரான் நூலகங்களை அந்த நினைவகத்தின்மீது நேரே ஓடவிட முடிந்தது. ஒரு பைட்டையும் நகலெடுக்க வேண்டியதில்லை. அதே ஆண்டுகளில் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் மூலக்கூறு இயக்கக் கணிப்புகளில் ஈடுபட்டிருந்த டேவிட் பீஸ்லி, சி தலைப்புக் கோப்பைப் படித்து இணைப்புநிரலைத் தானே எழுதித்தரும் ஸ்விக் கருவியை உருவாக்கினார். 2006இல் டிராவிஸ் ஆலிஃபன்ட்டின் முயற்சியால் நியூமெரிக்கின் வாரிசான நம்பையின் 1.0 பதிப்பு வந்தது. இன்று இயந்திரக் கற்றல் படிக்கும் எந்த மாணவரும் பைத்தான் எழுதுகிறேன் என்கிறார். வேலை செய்வதெல்லாம் கீழேயுள்ள சி, சி++, ஃபோர்ட்ரான். அறிவியலாளர்களிடம், உங்கள் தரவை மேசைமேல் ஒவ்வொன்றாக எடுத்து வையுங்கள் என்று சொல்லியிருந்தால் அவர்கள் வேறு கடைக்குப் போயிருப்பார்கள். லுவாவிலும் சி நினைவகத்தைப் பொருளாகச் சுற்றித்தர வழி உண்டு, மறுக்கவில்லை. ஆனால் உள்ளே கைவிட்டு வேலை செய்யும் சுதந்திரத்தைப் பைத்தான் தாராளமாகத் தந்தது.

சுதந்திரத்துக்கு விலை உண்டு. எண்ணிக்கையை ஏற்றும் வேலை நெடுங்காலம் ஒரு மேக்ரோவாக இருந்தது. மேக்ரோ என்றால், கம்பைல் செய்யும்போது அந்த வரி உங்கள் நீட்சிக்குள்ளேயே உறைந்துவிடும்: இந்தப் பாயின்டரின் இந்த இடத்திலுள்ள எண்ணோடு ஒன்றைக் கூட்டு. பட்டியலின் உறுப்பை வேகமாக எடுக்கும் மேக்ரோவும் பட்டியலின் உள்ளமைப்பை அப்படியே நம்பி நிற்கிறது. பைத்தானை உருவாக்குபவர்கள் நாளைக்கு அந்த அமைப்பை மாற்றினால், உலகில் கம்பைல் ஆகிக் கிடக்கும் எல்லா நீட்சிகளும் உடையும். பிப் கட்டளையில் ஒரு தொகுதியை நிறுவப் போய், உங்கள் பைத்தான் பதிப்புக்கு முன்கூட்டியே கம்பைல் செய்த வீல் இல்லை, கம்பைலரும் இல்லை என்று திரை நிறையச் சிவப்பு எழுத்து வந்த அனுபவம் இந்த அரங்கில் பலருக்கு இருக்கும். அதன் வேர் இங்கேதான். உள்ளமைப்பைப் பெரும்பாலும் காட்டாத, குறுக்கிய ஒரு வாசலை 2011இல் 3.2 பதிப்பில் தந்தார்கள். அதைப் பயன்படுத்தும் நீட்சி பல பதிப்புகளுக்கு ஒன்றே போதும். ஆனால் பழைய வாசலை மூட முடியவில்லை.

ஒரு நேரடி ஒப்பீடு சொல்கிறேன். மைக் பால் என்பவர் லுவாஜிட் என்ற இயந்திரத்தை எழுதினார். ஓடிக்கொண்டிருக்கும்போதே நிரலை இயந்திரமொழியாக மாற்றும், உள்ளே லுவாவின் அசல் இன்டர்பிரட்டரிலிருந்து முற்றிலும் வேறானது. ஆனால் லுவா 5.1க்கு எழுதிய சி நீட்சிகள், மறுபடி கம்பைல் செய்யாமலே அதோடு ஓடும். மேசை அதே மேசை. கிடங்கை இடித்துக் கட்டியது வாடிக்கையாளருக்குத் தெரியவே இல்லை. பைத்தான் பக்கத்தில் பைபை என்ற வேகமான இயந்திரம் இருக்கிறது. அதற்குள் எண்ணிக்கை முறையே கிடையாது. சி நீட்சிகளை ஓடவைக்க, இல்லாத எண்ணிக்கையையும் இல்லாத கட்டங்களையும் அது நடிக்க வேண்டியிருக்கிறது. நீட்சியைத் தொட்டதும் வேகம் போய்விடுகிறது. எவ்வளவு திறமையான வேலை! ஆனாலும் பெரும்பாலோர் அசல் பைத்தானிலேயே நின்றுவிட்டார்கள். காரணம் மொழி அல்ல, வாசல்.

பொதிக்கும் விஷயத்திலும் இதே கதை. லுவா தன் நிலை எதையும் சியின் பொது மாறிகளில் வைப்பதில்லை. எல்லாம் நாம் உருவாக்கும் நிலைப்பொருளுக்குள் அடக்கம். ஒரே நிரலில் நூறு லுவா வைத்துக்கொள்ளலாம், ஒன்றை அழித்தால் மற்றதற்குத் தெரியாது. 2004இல் வெளிவந்த வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் விளையாட்டு, தன் திரை அமைப்பை ஆட்டக்காரர்களே லுவாவில் மாற்றிக்கொள்ள விட்டது. பைத்தானையும் பொதிக்கலாம், முப்பரிமாண வரைகலை மென்பொருளான பிளெண்டர் அப்படித்தான் செய்கிறது. ஆனால் பைத்தான் நெடுங்காலம் ஒரு நிரலுக்கு ஓர் இன்டர்பிரட்டர் என்ற நினைப்பிலேயே வளர்ந்தது. மூடிவிட்டு மறுபடி தொடங்கினால் சில நீட்சிகள் ஒழுங்காக வேலை செய்யாது என்று ஆவணமே எச்சரிக்கிறது.

லுவாவின் வாசல் கெட்டியானதுதான். ஆனால் வாசலுக்கு உள்ளே இருப்பவர்களும் அதே விதியைக் கடைப்பிடித்தால்தான் அந்தக் கெட்டித்தனத்துக்கு அர்த்தம். ரெடிஸ் தரவுதளம் 2012 முதல் லுவா 5.1ஐப் பொதித்து வைத்திருக்கிறது. 2025 அக்டோபரில் அதில் ஒரு பாதுகாப்பு ஓட்டை வெளியானது. தீவிர அளவுகோலில் பத்துக்குப் பத்து. ஏறத்தாழ 13 ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் இருந்தது. லுவாவின் தொடரலசிக்குள், ஓடவேண்டிய நிரலின் பெயர்ச் சரம் ஒரு சி மாறியில் மட்டும் இருந்தது, அடுக்கில் வைக்கவில்லை. சரியான தருணத்தில் குப்பை சேகரிப்பான் ஓடினால் அந்தச் சரம் அழிந்துவிடும். அடுக்கு என்ற ஏற்பாடு எந்தத் தவறைத் தடுக்க வந்ததோ, அதே தவறு. அந்தச் சரத்தை அடுக்கில் ஏற்றும் இரண்டொரு வரிகள் திருத்தத்துக்குப் போதுமாயின.

கடைசியாகப் பைத்தானின் பூட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு இழைகள் ஒரே பொருளின் எண்ணிக்கையை ஒரே நேரத்தில் ஏற்றினால் ஒரு கூட்டல் காணாமல்போகும். அதனால் ஒரு நேரத்தில் ஓர் இழைதான் பைத்தானை ஓட்டலாம் என்று இன்டர்பிரட்டர் முழுமைக்கும் ஒரே பூட்டு. உங்கள் கணினியில் எட்டுக் கருவகம் இருந்தாலும் பைத்தான் வரிகள் ஓடுவது ஒன்றில்தான். 1996இலேயே கிரெக் ஸ்டெய்ன் இதை எடுத்துப் பார்த்தார். ஒற்றை இழை நிரல்கள் கணிசமாக மெதுவாகிவிட்டதால் யாரும் ஏற்கவில்லை. பின்னர் வந்த முயற்சிகளும் அங்கேயே தடுக்கின. சாம் கிராஸ், பொருளைப் படைத்த இழைக்கு ஓர் எண்ணிக்கை, மற்ற இழைகளுக்கு வேறோர் எண்ணிக்கை என்று பிரித்துவைக்கும் உத்தியைக் கொண்டுவந்தார். 2023 அக்டோபரில் அவருடைய முன்மொழிவு ஏற்கப்பட்டது. ஓராண்டில் 3.13 பதிப்போடு, பூட்டில்லாத பைத்தான் சோதனை முறையில் தனிக் கட்டமைப்பாக வந்தது. 2025இல் வந்த 3.14இல் அதற்கு அதிகாரபூர்வ ஆதரவு. ஆனாலும் அது தனிக் கட்டமைப்புதான்.

அந்தக் கட்டமைப்பில், பொருளின் தலைப்பகுதியே மாறிவிட்டதால் நீட்சிகளை மறுபடி கம்பைல் செய்தாக வேண்டும். அது போதாது. பூட்டில்லாமல் ஓட எனக்குத் தெரியும் என்று ஒவ்வொரு நீட்சியும் தன் தொடக்கத்தில் அறிவிக்கவும் வேண்டும். அறிவிக்காத ஒரு நீட்சியை நீங்கள் இறக்குமதி செய்தால், அந்த நிரல் முழுவதற்கும் பைத்தான் பூட்டை மறுபடி மாட்டிவிடும். நூறு தொகுதிகள் தயாராக இருந்து ஒன்று மட்டும் பழையதானாலும் அவ்வளவுதான். வீட்டுக்குப் போய்ச் செய்துபாருங்கள்: பூட்டில்லாத 3.14ஐ நிறுவி, நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் தொகுதிகளை ஒவ்வொன்றாக இறக்குமதி செய்யுங்கள். எந்தத் தொகுதிக்காகப் பூட்டு திரும்பி வந்தது என்பதை எச்சரிக்கை வரி பெயர் சொல்லியே காட்டும். திறந்த மூலத் தொகுதியாக இருந்தால் அந்த அறிவிப்பைச் சேர்ப்பது ஒரே வரி. அதைச் சேர்க்கும் தகுதி வரும்வரை உள்ளேயிருக்கும் பொது மாறிகளை ஒவ்வொன்றாகத் தேடிப்பிடிப்பதுதான் வேலை. அந்த வேலைக்கு இப்போது ஆள் தேவைப்படுகிறது.